வாப்பாட ஜீப்

அல்ஹம்துலில்லாஹ். புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக. எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

சகோதரர்களே, சென்ற கிழமை என்னிடம் ஒரு முறைப்பாடு வந்தது. ஒரு வீட்டு வளவுக்குள் மூன்று மாதமாக இரும்பு தேய்க்கிற சத்தமாம். அஸர் தொடங்கி இஷா தாண்டியும் ஓய்வதில்லையாம். பொடியன் ஏதோ ஆங்கிலப் படத்தில் வருகிற ஜீப்பைப் போல ஒன்றை வீட்டிலேயே செய்கிறானாம், மௌலவி வந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நாலு வார்த்தையைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். வீண்விரயம் பற்றி ஒன்று, பெருமை பற்றி ஒன்று, அயலவரின் உரிமை பற்றி ஒன்று. அயலவர் விடயத்தைச் சொன்னேன், அவனும் ஏற்றுக்கொண்டான். மஃரிபோடு கிரைண்டரை நிறுத்துகிறான். மற்றவற்றை என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே நான் கண்டதை இன்றைக்கு இந்த மிம்பரில் சொல்கிறேன். அந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் சொல்கிறேன். பெயரையும் தெருவையும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மாமரத்தடியில் அந்த ஜீப் நிற்கிறது. இருபது வருடமாகக் கிடுகு போட்டு மூடி வைத்திருந்த வண்டி. “இது யாரிட மகன்?” என்று கேட்டேன். “வாப்பாட ஜீப், மௌலவி” என்றான். எங்கள் வயதுக்காரருக்கு இந்த ஜீப்பைத் தெரியும். சம்மாந்துறைப் பக்கமும் அக்கரைப்பற்றுப் பக்கமும் வட்டைக்கு ஆளையும் விதைநெல்லையும் பசளை மூட்டையையும் ஏற்றிப் போன மிட்சுபிஷி ஜீப். அதன் மூதாதை 1941ல் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப். இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் வில்லிஸ் கம்பனியும் போர்ட் கம்பனியும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல் செய்தன. 1953ல் ஜப்பானில் மிட்சுபிஷி அதற்கு அனுமதி வாங்கி, 1998 வரைக்கும் செய்துகொண்டே இருந்தது. யுத்தத்துக்குப் பிறந்த வண்டி நம்மிடம் வந்து நெல் சுமந்தது.

பிள்ளை செய்ய நினைப்பது 1993ல் வந்த ஜுராசிக் பார்க் படத்து ஜீப்பைப் போன்ற ஒன்று. ரேங்லர் என்ற வகை அது. மணல் நிறம், அதன் மேல் சிவப்புத் தீற்று, ஓர் இலக்கம். அந்த ஜீப்பைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் பழைய வண்டிகளை அப்படி மாற்றிக்கொள்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தகரத்தின் மடிப்பு எத்தனை அங்குலம், சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். சினிமா கூடுமா கூடாதா என்ற பேச்சை இன்றைக்கு நான் எடுக்கவில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது.

ஏன் இதில் இறங்கினாய் என்று கேட்டேன். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய மோட்டார் சைக்கிளே புதுக் கார் விலைக்குப் போனதை நீங்கள் அறிவீர்கள். புதிது வாங்க வழியில்லாத காலத்தில், வளவுக்குள் நிற்பதையே எழுப்பலாம் என்று பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. தகரம் வெட்டவும் வெல்டிங் பிடிக்கவும் கராஜில் நின்று பழகிக்கொண்டான். போனில் தலை குனிந்து கிடக்கிற வயதில் அவன் கையெல்லாம் தழும்பு. அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் நினைவு வந்தது. அரசராக இருந்த நபி. இரும்பை அல்லாஹ் அவர்களுக்கு மென்மையாக்கிக் கொடுத்தான், அவர்கள் கவசம் செய்தார்கள், தம் கையால் உழைத்ததையே உண்டார்கள். கையுழைப்பால் உண்பதை விட மேலான உணவை எவரும் உண்டதில்லை என்று நம் நபியவர்கள் சொல்லும்போது உதாரணம் காட்டியது அவர்களைத்தான். இரும்பின் பெயரில் ஒரு சூராவே இருக்கிறது நம் வேதத்தில். இரும்புக்குள் கடுமையான பலமும் மனிதருக்குப் பல பயன்களும் இருப்பதாக அல்லாஹ் அதில் சொல்கிறான். வெல்டிங் வேலை செய்பவரைப் பெண் கொடுக்கும்போது கீழாகப் பார்க்கிற நம் ஊர் வழக்கத்தை நான் இந்த இடத்தில் கண்டிக்கிறேன்.

இனித் துருவுக்கு வருகிறேன்.

பிள்ளை என்னைக் குனிய வைத்து வண்டியின் அடியைக் காட்டினான். ஜீப்பின் உடலைத் தாங்குவது செசி என்கிற இரும்புச் சட்டம். மேலே பார்த்தால் கறுப்பு நிறம் அப்படியே இருந்தது. “பாருங்க மௌலவி” என்று சொல்லி ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினான். பழுத்த பழத்துக்குள் கத்தி இறங்குவது போல இறங்கிவிட்டது. உள்ளே இரும்பே இல்லை. நிறம் மட்டும் தோலாக நின்றிருக்கிறது. செசியின் உள்பக்கம் வெற்றிடம். அதற்குள் சேறும் நீரும் போனால் வடிவதற்கென்று சிறு ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அந்த ஓட்டை அடைபட்டால் நீர் உள்ளேயே கிடக்கும். பிறகு இரும்பு உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தின்னப்பட்டுக்கொண்டு வரும். வெளியே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது.

கதவடியில் நிறத்துக்குக் கீழே கொப்புளங்கள் எழும்பியிருந்தன. இரும்பை விடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். வீங்கித்தான் நிறத்தைத் தள்ளுகிறது. செம்பிலும் அலுமினியத்திலும் மேலே படிகிற படலம் உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு அப்படியில்லை, அது உதிர்ந்து உதிர்ந்து புதிய இரும்பைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் திறந்து விடுகிறது. அந்தக் கொப்புளத்தைச் சுரண்டிய போது உள்ளே பட்டி இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் துருவைச் சுரண்டாமலே அதன் மேல் பட்டி வைத்து, தேய்த்து, பளபளவென்று நிறமும் அடித்திருக்கிறார். அன்றைக்கு அது புது வண்டி போல இருந்திருக்கும். கூலியும் கொடுத்திருப்பார்கள்.

ஓர் அடியான் பாவம் செய்யும்போது அவன் இதயத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது, அவன் விட்டு விலகி மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தால் அது துலக்கப்படுகிறது, திரும்பவும் செய்தால் புள்ளி பெருகி இதயத்தையே மூடிவிடுகிறது என்று நபியவர்கள் சொன்னதாக அபூஹுரைரா ரலியல்லாஹு அன்ஹு அறிவிப்பதைத் திர்மிதியில் படிக்கிறோம். அல்லாஹ் தன் வேதத்தில் ‘ரான்’ என்று சொல்லியிருப்பது இதைத்தான் என்றும் அந்த ஹதீஸில் இருக்கிறது. ரான் என்பதைத் தமிழில் துரு என்கிறார்கள்.

அந்தச் சொல் எந்தச் சூராவில் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தொழாதவனைப் பற்றிய சூராவில் அது வரவில்லை. 83ஆவது சூரா, ஸூரத்துல் முதஃப்பிஃபீன். முதஃப்பிஃபீன் என்றால் அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்கள். தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, மற்றவருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கிறவர்களுக்கு நாசம் என்று அந்தச் சூரா தொடங்குகிறது. தராசில் தொடங்கி, மறுமையை மறுக்கிறவர்களிடம் போய், அவர்கள் சம்பாதித்ததே அவர்கள் இதயங்களில் துருவாகப் படிந்துவிட்டது என்று சொல்கிறது. சம்பாதித்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் கடைத்தெருவின் மக்கள். கல்முனைச் சந்தைக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். சேலைக் கடை, அரிசிக் கடை, இறைச்சிக் கடை, நகைக் கடை எல்லாம் நம் கையில். மருதமுனையில் தறி நெய்கிற கை ஒரு பக்கம், அதை வாங்கி விற்கிற கை ஒரு பக்கம். மீட்டர் கோலில் அரை அங்குலம், தராசில் ஐம்பது கிராம், வட்டைக்காரனின் நெல்லுக்கு ஈரம் என்று சொல்லி வெட்டுகிற இரண்டு கிலோ. அதை வைத்து நாம் பள்ளிக்கு நிறம் அடித்துக் கொடுக்கிறோம், நோன்பு திறக்கக் கஞ்சி கொடுக்கிறோம், உம்ராவுக்கும் போகிறோம். பட்டியை எவ்வளவு வழுவழுப்பாகத் தேய்த்தாலும் கீழே இருப்பது இருப்பதுதான், சகோதரர்களே. அந்த இரண்டு கிலோவை அந்த விவசாயியிடம் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா எப்படி முழுமையாகும்?

பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? படத்து நிறத்தை வாங்கி வைத்துவிட்டான். அந்த மணல் நிறத்து டின் மூன்று மாதமாகத் திறக்காமல் மூலையில் இருக்கிறது. கம்பி பிரஷால் சுரண்டுகிறான், வாட்டர் பேப்பரால் தேய்க்கிறான், கைபுகாத இடத்துக்குப் பொஸ்போரிக் அமிலம் பூசுகிறான். உக்கிப்போன துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இரும்பு தெரிகிற இடம் வரைக்கும் போய், அங்கே புதுத் தகரம் ஒட்டுகிறான். வெட்டுகிற இடம் எப்போதும் அவன் நினைத்ததை விடப் பெரிதாகிவிடுகிறதாம். சுரண்டிய இரும்பை இரவு முழுக்க வெறுமனே விட்டால் விடியும்போது மேலே மெல்லிய செம்மஞ்சள் படர்ந்திருக்குமாம். கடற்காற்று அவ்வளவு. ஆகவே சுரண்டிய அன்றைக்கே பிரைமர் பூச வேண்டும். தவ்பாவைத் தள்ளிப் போடாமல் விரைந்து செய்பவர்களைப் பற்றி அல்லாஹ் ஸூரத்துன் நிஸாவில் சொல்வதை நான் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அந்தச் செம்மஞ்சளைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த ‘விரைந்து’ என்ற சொல் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

பிரைமரில் துத்தநாகம் கலந்தது ஒன்று இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் ஒன்றாக வைத்தால் உப்பும் ஈரமும் முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும். அது கரைந்து தீரும் வரைக்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் வெயிலில் கரைந்துகொண்டிருக்கிற நம் வாப்பாமாரையும், வீட்டுவேலைக்குப் போன உம்மாமாரையும் நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளே, நீங்கள் துருப்பிடிக்காமல் நிற்பது உங்கள் திறமையால் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்று மாலை அவர்களுக்கு ஒரு கோல் எடுங்கள்.

இந்த மண்ணில் உப்பு காற்றிலேயே இருக்கிறது. வெறும் நீரை விட உப்பு நீர் இரும்பை வேகமாகத் தின்னும் என்பது இந்தக் கரையில் வாகனம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கடற்கரைக்குப் போய் வந்தால் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். கழுவுகிறவன் வண்டி நிற்கிறது, கழுவாதவன் வண்டி உக்குகிறது. வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் நாளுக்கு ஐந்து தடவை குளிப்பவன் மேல் அழுக்கு மிஞ்சுமா என்று நபியவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். மிஞ்சாது என்றார்கள். ஐந்து நேரத் தொழுகை அப்படித்தான் என்று விளக்கினார்கள். நாம் உப்புக்காற்றில்தான் வாழ வேண்டும், கடையைப் பூட்டிவிட்டு மலைக்கு ஓட முடியாது. அதனால்தான் ஐந்து நேரம்.

இந்த ஜீப் இவ்வளவு உக்கியதற்கு அந்தக் காற்று மட்டும் காரணம் இல்லை. இந்த விடயத்தை என்னிடம் சொன்னது பிள்ளை இல்லை, அவனுடைய வாப்பா. திண்ணையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் பேசவில்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நான் உங்களுக்கு அந்த நாளை விவரிக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் ஆக அதிகமான உயிர்களைக் கடல் கொண்டு போனது நம்முடைய அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுக ஒரு வீடு தப்பவில்லை, தப்பிய வீட்டிலும் ஓர் ஆள் இல்லை. அந்த மனிதரின் ஜீப் பிரதான வீதிக்கு மேற்கே நின்றதால் தப்பியது. அன்று பகல் தொடங்கி ஐந்து நாள் அவர் ஜனாஸா ஏற்றினார். கடல் நீர் வற்றாத ஒழுங்கைகளுக்குள், சில்லு பாதி புதைய, உப்புச் சேற்றுக்குள் ஓட்டினார். யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்த மார்க்கம் என்று கேட்டு ஏற்றவில்லை. மின்சாரம் இல்லை. இரவில் மையவாடியில் ஜீப்பை நிறுத்தி, அதன் முன்விளக்கு இரண்டையும் எரிய விட்டு, அந்த வெளிச்சத்தில் குழி வெட்டினார்கள். ஆறாவது நாள் வீட்டுக்கு வந்து மாமரத்தடியில் நிறுத்தினார். சாவியைக் கழற்றினார். கழுவவில்லை. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

கழுவுவதற்குக் கை வரவில்லை, மௌலவி, என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் இதுவரை பாவத்தின் துருவைப் பற்றிப் பேசினேன். இது அது இல்லை, இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். துக்கம் பாவம் இல்லை. தன் மகன் இப்ராஹீம் மடியில் மூச்சு விடும்போது நபியவர்களின் கண்கள் வடிந்தன. நீங்களுமா அழுகிறீர்கள் என்று கேட்டவரிடம், இது இரக்கம் என்றார்கள். யஃகூப் அலைஹிஸ்ஸலாம் மகனை எண்ணி அழுதழுது கண்ணே வெளுத்துப் போனார்கள். அல்லாஹ் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பார்வை திரும்பியது ஒரு சட்டையால், யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அனுப்பிய சட்டை முகத்தில் போடப்பட்டதால். நீரில் மூழ்கி மரணித்தவர் ஷஹீத் என்ற நற்செய்தியை நம் நபியவர்கள் நமக்குத் தந்திருக்கிறார்கள். அதை இந்த மிம்பரில் இருபது வருடமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் ஜனாஸா சுமந்தவர்களை நாம் எத்தனை தடவை கேட்டோம்? அவர்கள் அன்று கண்டதை உள்ளேயே வைத்து, வடிவதற்கு ஓட்டை இல்லாமல், இருபது வருடம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்காததை ஸபூர் என்று எண்ணிக்கொண்டோம். பிழை நம்முடையது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். அவர் சொன்னால் கேளுங்கள்.

அந்த வாப்பாவிடம் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. அவன் அப்போது பால்குடிப் பிள்ளை, அவனுக்கு அந்த நாள் தெரியாது. சினிமா ஜீப் செய்யும் ஆசையில் கிடுகைத் தூக்கினான், சுரண்டத் தொடங்கினான். ஒரு நாள் அஸருக்குப் பிறகு வாப்பா திண்ணையில் இருந்து எழும்பி வந்து, “அந்தப் பிரஷ இஞ்ச தா மகன்” என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அடிப்பக்கத்தை அவர்தான் சுரண்டுகிறார்.

பிள்ளையின் நிய்யத் என்ன என்று நான் நேராகவே கேட்டேன். மறைக்காமல் சொன்னான். கடற்கரையில் ஓட்டிப் படம் எடுத்துப் போட ஆசை, சிநேகிதர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை, பிறகு வாப்பாவை ஒரு நாள் வட்டைக்கு ஏற்றிப் போக வேண்டும் என்ற ஆசை. மூன்றும் கலந்துதான் இருக்கிறது என்றான். எனக்கு அந்த நேர்மை பிடித்தது. செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்ற ஹதீஸை நாம் மனனம் செய்திருக்கிறோம், ஆனால் நம் நிய்யத்தை இப்படிப் பிரித்துப் பார்த்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? அந்தப் படத்தில் சுற்றுலாவுக்கு வேறு வகை வண்டிகள் வருகின்றன. சாரதி இல்லாமல் தானாக ஓடுவது போலக் காட்டுவார்கள். படம் பிடித்தபோது பின்பக்கத்தில் ஒரு மனிதர் ஒளிந்திருந்து ஓட்டினார் என்று பிள்ளைதான் சொன்னான். நிய்யத் அப்படி ஒளிந்திருந்து ஓட்டுகிறது. தம்பிமாரே, அது யார் என்று வண்டி புறப்படுவதற்கு முன்பே பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் போடுவது மட்டும்தான் நிய்யத் என்றால், கரைவலைக்காரரின் வலை காய்கிற மணலில் ஏற்றுவீர்கள், பிரதான வீதியில் பறப்பீர்கள், போன வருடம் நாம் அடக்கிய பிள்ளைகளை நினைக்க மாட்டீர்கள்.

கடைசியாக அந்த விளக்கு. படத்து ஜீப்புக்கு முன்விளக்கு இரண்டும் சதுரம். ரேங்லரில் அந்த வருடங்களில் வந்தவை அப்படித்தான். வாப்பாட ஜீப்புக்கு வில்லிஸ் காலத்திலிருந்து வருகிற வட்டக் கண். அசல் போல இருக்க வேண்டும் என்றால் முகத்தை வெட்டிச் சதுரக் கண் வைக்க வேண்டும். இரண்டு சதுர விளக்கைப் பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கியும் வைத்துவிட்டான். வெட்டுவதற்குக் கோடு போட்ட அன்று வாப்பா வந்து, அந்த வட்ட விளக்கின் மேல் கையை வைத்து, “இதை மாத்தாத மகன்” என்றாராம். ஏன் என்று அவர் சொல்லவில்லை, மையவாடிக் கதையை அவன் என்னோடு சேர்ந்துதான் அன்று முதன்முதலாகக் கேட்டான்.

அவன் போட்ட கோட்டைத் தின்னர் துணியால் என் முன்னாலேயே துடைத்துவிட்டான். சதுர விளக்கு இரண்டும் விற்பனைக்கு இருக்கிறது, வேண்டியவர்கள் என்னிடம் சொல்லுங்கள். மணல் நிறம் வரும், சிவப்புத் தீற்று வரும், கண் மட்டும் வட்டமாக இருக்கும்.

செசி முடிந்துவிட்டது. இன்று அஸருக்குப் பிறகு உடலைத் தூக்கி அதன் மேல் வைக்க வேண்டும். வாப்பாவும் மகனும் இருவர்தான் இருக்கிறார்கள். தூக்குவதற்கு இன்னும் ஆறு பேர் வேண்டும், முதுகு நோ இல்லாத ஆறு பேர். தொழுகை முடிந்ததும் வலது பக்கத் தூணருகே நான் நிற்பேன். முறைப்பாடு சொன்ன அயலவர் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அகூலு கவ்லீ ஹாதா, வஅஸ்தஃபிருல்லாஹ லீ வலகும்.